எகாலித்தே: ஒரு பிரெஞ்சுச் சொல்லும் அதன் தமிழ் இணைகளும்

கேள்வி: 'சமத்துவம்' என்று பொருள்படும் 'எகாலித்தே' (égalité) என்ற சொல்லை எப்படி உச்சரிப்பது?

பதில்: எ-கா-லி-தே, நான்கு அசை. 'கா'வை 'தங்கம்' என்பதில் ஒலிக்கும் ககரம்போல அழுத்திச் சொல்லுங்கள். 'அகம்' என்பதில் வருவதுபோல மூச்சாகக் கரையவிட்டால் சொல் புரியாது. தமிழர் அதிகம் தவறுவது இங்கேதான். கடைசி அசை 'தேன்' என்பதன் 'தே'. 'டே' ஆகிவிடக் கூடாது.

கேள்வி: பெண்பால் சொல்தானே? கடைசி உயிரெழுத்தை இரண்டு முறை எழுத வேண்டாமா?

பதில்: வேண்டாம். 'தே' என்று முடியும் பண்புப் பெயர்கள் பெண்பாலே ஆனாலும் அந்த எழுத்து ஒருமுறைதான் வரும், 'லிபெர்த்தே'யும் (சுதந்திரம்) அப்படியே. சொல்வதெழுதுதலைக் குறிக்கும் 'திக்தே', ஏற்றத்தைக் குறிக்கும் 'மோந்தே' போன்ற சில சொற்களில் மட்டும் இரண்டு உண்டு. முதல் எழுத்துக்கும் கடைசி எழுத்துக்கும் மேலே வலப்புறம் ஏறும் கோடு (ஆக்சான் தெகு) கட்டாயம். பெரிய எழுத்தில் எழுதினாலும் அதை விடாதீர்கள்.

கேள்வி: தமிழில் எப்போதும் 'சமத்துவம்' என்றே எழுதலாமா?

பதில்: உரிமை பற்றிய பேச்சில் எழுதலாம். 'எகாலித்தே தே ஷான்ஸ்' என்றால் சமவாய்ப்பு. கணக்கில் வந்தால் 'சமம்' போதும். 'சமன்பாடு' என்று போட்டால் பிழை, அதற்கு 'எக்குவாசியோன்' என்ற வேறு சொல் இருக்கிறது. விளையாட்டில் 'ஆ எகாலித்தே' என்றால் இரு தரப்பும் சமநிலை. ரோலண்ட் காரோஸ் டென்னிஸில் 40-40-க்குப் பிறகு ஒருவர் முன்னிலை பெற்று, மற்றவர் மீண்டும் சமன் செய்தால் நடுவர் 'எகாலித்தே' என்பார். அடுத்த புள்ளி எடுத்தவருக்கு 'அவாந்தாஜ்' (முன்னிலை).

கேள்வி: பிரெஞ்சுப் புரட்சியின் 1789 மனித உரிமைப் பிரகடனத்தின் முதல் பிரிவில் 'லே ஸோம்' என்று வருகிறது. 'ஆண்கள்' என்பதா, 'மனிதர்கள்' என்பதா?

பதில்: மொழிபெயர்ப்பில் 'மனிதர்கள் சுதந்திரமாகவும் உரிமைகளில் சமமாகவும் பிறக்கிறார்கள், அவ்வாறே இருக்கிறார்கள்' என்பதே பொருத்தம். 'உரிமைகளில்' என்பதை விட்டுவிடாதீர்கள். அந்தப் பிரிவு செல்வமும் திறமையும் எல்லாருக்கும் ஒன்று என்று சொல்லவில்லை. பிறப்பால் வரும் சலுகையை மறுக்கிறது. ஆனால் அந்த 'மனிதர்'களுக்குள் பெண்கள் நடைமுறையில் சேர்க்கப்படவில்லை என்பதையும் வாசகருக்குச் சொல்ல வேண்டும். பெண் எழுத்தாளர் ஒலிம்ப் த கூஜ் 1791-இல் 'பெண் சுதந்திரமாகப் பிறக்கிறாள், உரிமைகளில் ஆணுக்குச் சமமாகவே இருக்கிறாள்' என்று தனிப் பிரகடனம் எழுதினார். 1793-இல் அவர் கில்லட்டினில் கொல்லப்பட்டார். பிரெஞ்சுப் பெண்களுக்கு வாக்குரிமை வந்தது 1944-இல். இந்த 155 ஆண்டு இடைவெளியை ஓர் அடிக்குறிப்பிலாவது தராத மொழிபெயர்ப்பு அரைகுறையானது.

கேள்வி: 'லிபெர்த்தே, எகாலித்தே, ஃபிராத்தெர்னித்தே' (சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம்) புரட்சியன்றே அரசு முழக்கமா?

பதில்: இல்லை. புரட்சித் தலைவர்களுள் ஒருவரான ரோபெஸ்பியேர் 1790-இல் மூன்றையும் சேர்த்து முன்மொழிந்தார். 1848-இல்தான் அரசியலமைப்பில் இடம்பெற்றன. 1940 முதல் 1944 வரை நாஜி ஜெர்மனியுடன் ஒத்துழைத்த விஷி அரசு அவற்றை நீக்கி 'உழைப்பு, குடும்பம், தாயகம்' என்று வைத்தது. இன்றைய 1958 அரசியலமைப்பில் 2-ஆம் பிரிவில் பார்க்கலாம்.

கேள்வி: பிரெஞ்சு ஆட்சியில் புதுச்சேரிக்கு இந்தச் சமத்துவம் பொருந்தியதா?

பதில்: முழுதாக இல்லை. 1881 ஆணைப்படி, தம் சமய, சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்தவர்கள் குடும்பப் பெயர் ஒன்றை ஏற்று பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வரலாம். இவர்களே 'ரெனோன்சான்'. ஆனாலும் 1884-இல் வாக்காளர் பட்டியல் மூன்றாகப் பிரிந்தது: ஐரோப்பியருக்கு ஒன்று, துறந்தவருக்கு ஒன்று, மற்றவருக்கு ஒன்று.

கேள்வி: 'சா மெ தெகால்' என்றால் 'எனக்குச் சமம்' என்றா பொருள்?

பதில்: 'எனக்கு எதுவானாலும் ஒன்றுதான்.' தேநீரா காபியா என்று கேட்பவரிடம் சொன்னால் அக்கறையின்மையாகப் படலாம். 'கொம் வூ வூலே', அதாவது 'உங்கள் விருப்பம்', என்று சொல்லுங்கள். கடிதங்களில் வரும் 'எகால்மான்' பெரும்பாலும் 'சமமாக' அல்ல, வெறும் 'மேலும்', 'கூட' என்பதுதான்.