3 நாள் வாத்துக் குஞ்சுகளைத் தொட்டியில் நீந்த விடலாமா?

முதல் முறையாக 3 நாள் குஞ்சுகள் வாங்கியிருக்கிறீர்கள், நீந்த விடலாமா என்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம். தாயோடு திரியும் குஞ்சு நனைந்தால் தாயின் சிறகுக்குள் போய்ச் சூடேறிக்கொள்ளும். உங்கள் குஞ்சுக்கு அது இல்லை. தூவி உடம்போடு ஒட்டி, குளிரில் விறைத்துவிடும்.

ஆனால் குடிக்கிற தண்ணீர் மூக்குத் துளை முங்குகிற ஆழம் இருக்க வேண்டும். அலகை முக்கி உதறித்தான் மூக்கைக் கழுவிக்கொள்ளும். தட்டின் நடுவே கூழாங்கற்களை அடுக்குங்கள், உள்ளே இறங்காது.

முதல் வாரம் பெட்டிக்குள் சுமார் 32 டிகிரி சூடு; அப்புறம் வாரத்துக்கு 3 டிகிரி குறைக்கலாம். சூட்டுக்காகப் போட்ட பல்புக்கு அடியில் குவிந்து கத்தினால் குளிர்கிறது என்று அர்த்தம்.

பூஞ்சை பிடித்த மக்காச்சோளம், கடலைப் புண்ணாக்கு கூடவே கூடாது. பூஞ்சையில் உண்டாகும் நஞ்சு, கோழிக்குஞ்சு தாங்கும் அளவில்கூட வாத்துக் குஞ்சைக் கொன்றுவிடும்.