2027 இல் லூப்பென் கட்சி வென்றால் எங்கள் கார்ட் என்னாகும்? புதிதாக வந்த ஒருவருக்குப் பதில்

தம்பி, உங்கள் கேள்வி இது: கையில் ஒரு வருடக் கார்ட் (வதிவிட அனுமதி அட்டை), வீட்டில் மனைவியும் பாரிஸில் பிறந்த கைக்குழந்தையும். பிரான்சின் 2027 ஜனாதிபதித் தேர்தலில் லூப்பென் ஆட்கள் வென்றால் கார்ட்டைப் பறித்துவிடுவார்களா, இப்போதே கனடாப் பக்கம் அலுவல் பார்க்க வேண்டுமா?

தேர்தல் முடிந்த மறுநாளே செல்லுபடியான கார்ட்டைப் பறிக்க யாராலும் முடியாது. அதற்காக ஆறுதலாக இருந்துவிடவும் வேண்டாம். உங்களைத் தொடும் மாற்றங்களில் பாதி ஏற்கனவே வந்துவிட்டன. அவற்றைக் கொண்டுவந்தவர்கள் லூப்பெனின் தேசியப் பேரணிக் கட்சிக்குப் போகும் வாக்குகளைப் பிடிக்கப் பார்த்த மற்றக் கட்சியினர்.

2023 டிசம்பரில் நிறைவேறிய குடிவரவுச் சட்டத்துக்குத் தேசியப் பேரணியும் ஆதரவாக வாக்களித்தது. "கருத்தியல் வெற்றி" என்றார் மரின் லூப்பென். வேலையில் இல்லாத வெளிநாட்டவர் சில சமூகக் கொடுப்பனவுகளுக்கு 5 வருடம் காத்திருக்க வேண்டும் என்ற விதி உட்பட 35 பிரிவுகளை முழுமையாகவோ பகுதியாகவோ 2024 ஜனவரியில் அரசியலமைப்புச் சபை வெட்டியது. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை விழுந்தது, மூலச் சட்டத்தோடு போதிய தொடர்பில்லை என்ற நடைமுறைக் காரணத்தால்தான். தனிச் சட்டமாகக் கொண்டுவந்தால் அதே விதிகள் திரும்பி வரலாம்.

சட்டத்தைவிடச் சுற்றறிக்கைக்குத்தான் நான் கூடப் பயப்படுவேன். கார்ட் தருவது பிரிபெக்சர். அதன் தலைவரான பிரிஃபே, உள்துறை அமைச்சுக்குக் கீழே வேலை செய்யும் அரச அதிகாரி. 2025 ஜனவரியில் உள்துறை அமைச்சர் ரெத்தாயோ 2012 ஆம் ஆண்டின் வால்ஸ் சுற்றறிக்கையை நீக்கினார். விசா இல்லாதவர்களுக்குக் கார்ட் கொடுக்கப் பார்க்கும் வதிவுக்காலம் 5 வருடத்திலிருந்து 7 ஆகியது. பாராளுமன்ற வாக்கெடுப்பே தேவைப்படவில்லை. நாளை தேசியப் பேரணியின் அமைச்சர் அந்தக் கதிரையில் இருந்தால் முதலில் கை வைப்பதும் இங்கேதான்.

அவர்கள் சொல்லும் "தேசிய முன்னுரிமை", அதாவது வேலை, வீடு, கொடுப்பனவில் பிரெஞ்சுக்காரருக்கு முதலிடம், அரசியலமைப்பின் சமத்துவக் கொள்கையில் முட்டும். முறைப்படி அதை மாற்ற 89 ஆம் உறுப்புரையின்படி பாராளுமன்றத்தின் இரு சபைகளும் ஒரே வாசகத்தை ஏற்க வேண்டும். மேல்சபையான செனட்டில் அவர்களுக்கு ஆசனங்கள் மிகக் குறைவு. அதனால் 1962 இல் ஜனாதிபதி து கோல் செய்ததுபோல் 11 ஆம் உறுப்புரை வழியாக நேரே மக்கள் வாக்கெடுப்புக்குப் போவோம் என்கிறார்கள்.

வெல்வார்களா என்று கேட்டால், எண்கள் ஒரே திசையில்தான் போகின்றன. இரண்டாம் சுற்றில் 2002 இல் தகப்பன் லூப்பெனுக்கு 17.8 வீதம், மகளுக்கு 2017 இல் 33.9, 2022 இல் 41.5. 2024 பாராளுமன்றத் தேர்தலில் முதல் சுற்றில் கூட்டாளிகளோடு மூன்றில் ஒரு பங்கு வாக்கு எடுத்தும் 577 ஆசனங்களில் சுமார் 140 தான் கிடைத்தது. மற்றக் கட்சிகளின் 200 க்கு மேற்பட்ட வேட்பாளர்கள் விலகிக்கொண்டதே காரணம். மற்றக் கட்சிகள் இப்படிச் சேர்ந்து போடும் அணை ஒவ்வொரு தேர்தலிலும் கொஞ்சம் கரைகிறது. 2025 மார்ச் 31 இல் ஐரோப்பியப் பாராளுமன்ற நிதி வழக்கில் மரினுக்கு 5 வருடத் தேர்தல் தடை விழுந்தது, அவர் மேன்முறையீடு செய்தார். வேட்பாளர் மரினோ, கட்சியின் இளம் தலைவர் பார்டெலாவோ, குடிவரவில் இருவரின் கொள்கையும் ஒன்றுதான்.

ஒன்று சொல்ல வேண்டும்: அந்தக் கட்சிக்கு வாக்குப் போடும் எல்லாரும் உங்களை வெறுப்பவர்கள் அல்லர். வடக்கே எனன்-போமோன் போன்ற பழைய நிலக்கரி ஊர்களில் சுரங்கமும் ஆலையும் மூடிய பிறகு இடதுசாரிகளைக் கைவிட்டு அந்தக் கட்சிக்குப் போனவர்கள் ஏராளம். அயலவரோடு கதைக்கும்போது இதை மனதில் வையுங்கள். எனன்-போமோனில் 2014 முதல், தெற்கே பெர்ப்பினியோன் நகரில் 2020 முதல் அவர்களின் மேயர்தான். மேயரால் உங்கள் கார்ட்டைத் தொட முடியாது. ஊரிலிருந்து அப்பா அம்மாவை அழைக்கும் வரவேற்புப் பத்திரத்தை மட்டும் மறுக்கலாம். மறுத்தால் 2 மாதத்துக்குள் பிரிஃபேக்கு எழுத வேண்டும்.

இனி உங்கள் கையில் இருப்பவை. கார்ட் முடிய 4 மாதம் இருக்கும்போது புதுப்பிக்க விண்ணப்பம் போடும் ஆனெஃப் இணையத்தளம் திறக்கும். 2 மாதம் இருக்கும்வரை இழுத்தடிக்காமல் முதல் வாரமே போடுங்கள். பிந்தினால் 180 யூரோ தண்டம் வரலாம். அதைவிட மோசம், கையில் பத்திரமில்லாத இடைவெளியில் முதலாளி வேலையை நிறுத்திவிடுவார். 4 மாதம் பதிலில்லாவிட்டால் சட்டம் அதை மறுப்பாகவே எடுக்கும். அப்போது சட்டத்தரணியிடம் போங்கள், பிரிபெக்சருக்கு மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டே இருக்காதீர்கள்.

ஒரே வகை ஒரு வருடக் கார்ட்டை இனி 3 தடவைக்கு மேல் புதுப்பிக்க இயலாது. பலவருடக் கார்ட்டுக்கு ஏறியே ஆகவேண்டும். 2026 ஜனவரி 1 முதல் அதற்கு பிரெஞ்சு மொழியில் ஏ2 மட்டம், பத்து வருடக் கார்ட்டுக்கு பி1, குடியுரிமைக்கு பி2. கூடவே குடிமைத் தேர்வு: 40 கேள்வி, 45 நிமிடம், 32 சரி வேண்டும். இரவில் உணவக வேலை செய்துகொண்டு பி1 எடுக்க ஒரு வருடம் போதாமல் போகலாம், ஆகவே இந்த மாதமே வகுப்பில் பதியுங்கள். அகதி விண்ணப்பங்களைப் பார்க்கும் அரச அலுவலகமான ஒஃப்ப்ராவில் அகதி அந்தஸ்து எடுத்தவருக்குப் பத்து வருடக் கார்ட் நேரே கிடைக்கும். அந்தஸ்தோடு தூதரகம் போய் இலங்கைப் பாஸ்போர்ட் எடுத்தால் அந்தஸ்தே போய்விடக்கூடும்.

எங்கள் ஆட்கள் அதிகம் விழும் குழி விலாசம். வேறொருவர் வீட்டு முகவரியில் இருந்துகொண்டு தபால்பெட்டியில் பெயர் ஒட்டாமல் விடுகிறார்கள். நாட்டைவிட்டு வெளியேறும் உத்தரவு பதிவுத்தபாலில் வரும். 15 நாளில் எடுக்காவிட்டால் திரும்பிப் போய்விடும், ஆனால் தபால்காரர் முதலில் வந்த நாளே உங்களுக்குக் கிடைத்த நாளாகக் கணக்கிடப்படும். வழக்குப் போடப் பொதுவாக ஒரு மாதம், வீட்டுக்காவல் விதித்தால் 7 நாள், தடுப்பு முகாமில் 48 மணித்தியாலம்.

குழந்தை இங்கே பிறந்தவள் என்பதால் 8 வயதிலிருந்து இங்கேயே வாழ்ந்திருந்தால், 13 வயதில் அவளுடைய சம்மதத்தோடு நீங்களே நீதிமன்றத்தில் அறிவித்துப் பிரெஞ்சுக் குடியுரிமை எடுக்கலாம். 18 வரை பார்த்திருக்காதீர்கள். பிறப்பால் வரும் இந்த உரிமையை நீக்குவது தேசியப் பேரணியின் பழைய வாக்குறுதி. 13 ஆனதும் போட, ஒவ்வொரு வருடப் பாடசாலைச் சான்றிதழையும் இப்போதே ஒரு கோப்பில் சேர்க்கத் தொடங்குங்கள்.