பிளஸ் ஒன்னில் தமிழா, பிரெஞ்சா?

ஆச்சி, வணக்கம். பிள்ளைக்குப் பிளஸ் ஒன்னில் எந்த மொழி, எந்தப் பாடக் குரூப் எடுப்பது என்று நேற்று நீங்கள் கேட்டதற்கு அங்கேயே அரைகுறையாகப் பதில் சொல்லிவிட்டேன். வீட்டில் அண்ணனும் படிக்கட்டும் என்று இப்போது விவரமாக எழுதுகிறேன்.

தமிழுக்குப் பதிலாகப் பிரெஞ்சு எடுத்தால் மார்க் அள்ளலாம் என்று டியூஷன் வாசலில் சொன்னார்களாம். மார்க் வரலாம். ஆனால் அந்த மார்க் எந்த இடத்தில் செல்லுபடியாகும்? பிள்ளை இன்ஜினியரிங் நினைக்கிறாள். தமிழ்நாட்டில் அதற்கான சேர்க்கைக் கவுன்சலிங்கில் கட்-ஆஃப், அதாவது தரவரிசைக்குக் கணக்கிடும் மார்க், மொத்தம் 200. கணக்குக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது. மொழிப்பாடத்தில் 98 எடுத்தாலும் 60 எடுத்தாலும் அதில் அரை மார்க்கூட ஏறாது, இறங்காது. நாளைக்கு அரசு வேலை என்று மனம் மாறினாலோ, குரூப் 4 தேர்வில் 200 கேள்வியில் 100 தமிழ்தான். அதில் 40 விழுக்காடு எடுக்காவிட்டால் மீதியைத் திருத்தவே மாட்டார்கள். நன்றாகத் தமிழ் எழுதுகிற பிள்ளை அதை ஏன் விடவேண்டும்?

முன்பு என்னிடம் வந்த ஒரு பையன் பிளஸ் டூ பிரெஞ்சில் 97 வாங்கினான். அப்புறம் கானாடுகாத்தான் பக்கம் பழைய வீட்டை ஹோட்டலாக மாற்றிய இடத்தில் வேலைக்குச் சேர்ந்தான். பிரான்சிலிருந்து வந்த ஓர் அம்மா தரையில் இருந்த ஆத்தங்குடிப் பூக்கல்லை (பூ வேலைப்பாடுள்ள டைல்ஸை) காட்டி ஏதோ கேட்டிருக்கிறார். வணக்கம் சொல்கிற 'போன்ழூர்' தாண்டி அவனுக்கு வாய் வரவில்லை. இரண்டு வருடம் கேள்வி பதிலை மனப்பாடம் செய்தான், ஒருவரிடமும் பேசிப் பழகவில்லை. அவன் அதைச் சொன்னபோது எனக்கு மனசே சரியில்லை.

கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்யக் கடல் கடந்து, போன நம் பெரியவர்கள் ரங்கூனில் பர்மியம் பேசினார்கள், பேரேட்டைத் தமிழில் எழுதினார்கள். பெட்டியடிப் பையனாக, அதாவது கடையில் தொழில் பழகும் எடுபிடியாக, போனவன் கடைக்கு வருகிறவர்களோடு பேசிப் பேசியே மொழியைப் பிடித்தான். ஒன்றுக்காக இன்னொன்றை விடவில்லை.

நேற்று ஒன்று கவனித்தேன். பிள்ளையின் ரஃப் நோட்டில் கடைசிப் பக்கம் முழுக்கப் பென்சிலில் ஜப்பானிய எழுத்து, ஒரே எழுத்து பத்துத் தரம். கேட்டால், போனைப் பார்த்துத் தானாகக் கற்கிறாளாம். இவளுக்கு வெளிநாட்டு மொழி வேண்டும்தான், ஆனால் அது பிரெஞ்சு இல்லை!

அதைப் பள்ளிக்கு வெளியே படிக்கட்டும். ஜேஎல்பிடி என்று ஜப்பானிய மொழித் திறனுக்கு ஒரு தேர்வு இருக்கிறது. எளிதான என்5 தொடங்கிக் கடினமான என்1 வரை ஐந்து நிலை, ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கும். சென்னையில் மையம் உண்டு, முதல் நாளே பல்லவன் ரயிலில் போய்த் தங்கிக்கொள்ளலாம். டிசம்பர் என்றால் அரையாண்டுத் தேர்வோடு இடிக்கும், அதனால் ஜூலையைக் குறிவையுங்கள். பல மாதம் முன்னாலேயே பதிவு முடிந்துவிடும், அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தத் தேர்வில் வாசிப்பும் கேட்டுப் புரிவதும் உண்டு, பேச்சுத் தேர்வு கிடையாது. எனவே பேசிப் பழக ஆள் ஒருவரைத் தேடத்தான் வேண்டும். என்5 வாங்கியதும் வேலை வந்துவிடாது. இப்போதே தொடங்கினால் கல்லூரி முடிக்கும்போது என்3-க்காவது போய்விடலாம், அதற்கு மதிப்பு உண்டு.

மொழியை விட எனக்குப் பாடக் குரூப்தான் கவலை. 'எதற்கும் இருக்கட்டும்' என்று உயிரியலும் சேர்ந்த முதல் குரூப் கேட்கிறீர்கள். நீட், நர்சிங், விவசாயப் படிப்பு எல்லாவற்றுக்கும் கதவு திறந்திருக்கும் என்பது சரி. ஆனால் டாக்டராகும் ஆசை அவளுக்கு இல்லை என்று உங்கள் முன்னாலேயே சொன்னாள். பிறகு எதற்கு அவ்வளவு சுமை? கணினி அறிவியல் குரூப்பில் கணக்குக்குக் கூடுதல் நேரம் கிடைக்கும். கட்-ஆஃபில் பாதி கணக்குதானே.

சனிக்கிழமை காலையில் பள்ளிப் படிவத்தோடு வாருங்கள், அண்ணனையும் அழைத்துவாருங்கள். அந்த ரஃப் நோட்டை மறக்காமல் எடுத்துவரச் சொல்லுங்கள்.