நின்று நின்று ஓடும் வண்டி: வாசகர் கேள்வி–பதில்

மின்வாகனங்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பல, தபால் வண்டிகளைப் பற்றியே கேட்டிருந்தன. அவற்றுள் சிலவற்றுக்கு இந்த முறை பதில் சொல்கிறோம்.

கேள்வி: நியூ ஜெர்சியில் மகள் வீட்டில் சில மாதங்கள் தங்கியிருந்தேன். தினமும் பெட்டி போன்ற ஒரு வெள்ளைத் தபால் வண்டி வரும். ஒரு வீட்டு வாசலில் நிற்கும், பத்தடி நகரும், மறுபடி நிற்கும். எஞ்சினை அணைத்து நான் பார்த்ததே இல்லை. பணக்கார நாட்டில் இவ்வளவு பழைய வண்டி ஏன்? அது எவ்வளவு பெட்ரோல் குடிக்கும்? (திருச்சி வாசகர்)

பதில்: தாங்கள் பார்த்தது பெரும்பாலும் கிரம்மன் நிறுவனம் கட்டிய எல்.எல்.வி. (‘நீண்ட ஆயுள் வண்டி’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) வகை வண்டியாக இருக்க வேண்டும். 1987 முதல் 1994 வரை 1,40,000-க்கும் மேற்பட்ட வண்டிகள் இந்த வகையில் கட்டப்பட்டன. அலுமினிய உடல், அடியில் செவ்ரலே எஸ்-10 சிறு டிரக்கின் சட்டம், நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், மூன்றே கியர் கொண்ட ஆட்டோமேட்டிக் பெட்டி. ஏர் கண்டிஷனும் இல்லை, ஏர்பேக்கும் இல்லை. அமெரிக்கக் கார்களுக்கு மாறாக ஸ்டியரிங் நம் ஊர் வண்டியைப் போல வலப்பக்கம் இருக்கும். தெருவோரத் தபால் பெட்டியின் கதவைத் திறந்து, கடிதங்களை உள்ளே வைத்து, மூடிவிட்டு, இருக்கையை விட்டு எழாமலே தபால்காரர் அடுத்த பெட்டிக்கு நகர்வதற்காகச் செய்த ஏற்பாடு அது. 24 ஆண்டுகள் உழைக்க வேண்டும் என்று கணக்கிட்டுக் கட்டிய அந்த வண்டிகளில் ஏராளமானவை அந்தக் கணக்கைத் தாண்டியும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் சில சாலையிலேயே தீப்பற்றி எரிந்ததும் உண்டு.

பழைய வண்டியை மாற்றாமல் இருந்ததற்குப் பணமே முதற்காரணம். அமெரிக்க அஞ்சல் சேவை, அரசு நிறுவனம்தான் என்றாலும், அன்றாடச் செலவுக்கு வரிப்பணத்தை நம்பி இருப்பதில்லை. தபால்தலையும் பார்சல் கட்டணமும்தான் அதன் வருமானம். ஓய்வுபெறப் போகும் ஊழியர்களின் மருத்துவச் செலவுக்கு முன்கூட்டியே பெருந்தொகை ஒதுக்க வேண்டும் என்று 2006-இல் ஒரு சட்டம் வந்தது. கடிதங்கள் குறையத் தொடங்கிய அதே காலத்தில் அந்தச் சுமையும் சேர்ந்துகொண்டதால், ஆண்டுக்காண்டு நட்டக் கணக்குக் காட்டிய நிறுவனத்துக்குப் புது வண்டி வாங்குவது பற்றிப் பேசவே தயக்கமாகிவிட்டது. 2022-இல்தான் அந்த நிபந்தனை நீக்கப்பட்டது.

பெட்ரோல் கணக்குக்கு வருவோம். காகிதத்தில் காலனுக்கு (ஏறக்குறைய 3.8 லிட்டர்) சுமார் 17 மைல் என்று சொல்லப்பட்ட வண்டி, வேலையில் இறங்கியபின் 10 மைலைத் தொடுவதே அரிது. அதாவது நம் கணக்கில் லிட்டருக்கு நாலேகால் கிலோமீட்டருக்கும் குறைவு. நாளொன்றுக்கு 24 மைல் சுற்றும் ஒரு வண்டி குறைந்தது 9 லிட்டர் குடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோ கரியமில வாயு வெளியேறும். ஆக, ஒரு வண்டி ஒரு நாளில் காற்றில் விடுவது 20 கிலோவுக்கு மேல். அந்தச் சேவையிடம் எல்லா வகையும் சேர்த்து இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் உள்ளன.

கேள்வி: காகிதத்தில் 17, தெருவில் 10-க்கும் கீழே என்றால் இவ்வளவு வித்தியாசம் எப்படி வருகிறது? எஞ்சினை மட்டும் நவீனமாக்கினால் போதாதா? மாற்று எரிபொருள் ஊற்றினால் என்ன? (சேலம், பொறியியல் மாணவி)

பதில்: நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும் வண்டி, சக்கரத்துக்கு வந்துசேரும் ஆற்றலின் பெரும்பகுதியைக் காற்றின் எதிர்ப்பைச் சமாளிக்கச் செலவிடுகிறது. தபால் வண்டியின் பாடு வேறு. ஒன்றரை டன்னுக்கு மேற்பட்ட எடையை நின்ற நிலையிலிருந்து உந்தி எழுப்பி, பத்து நொடிகூட ஓடுவதற்கு முன்னால் பிரேக்கை மிதித்து, பெற்ற வேகம் முழுவதையும் பிரேக் தகட்டின் வெப்பமாக வீணாக்குகிறது; உடனே மறுபடி உந்த வேண்டும். ஒரு சுற்றில் இது நூற்றுக்கணக்கான முறை நடக்கிறது. நடுநடுவே, நகராமல் நிற்கும்போதும் எஞ்சின் ஓடுகிறது. அப்போது மைலேஜ் சுழியம். இவ்விரண்டையும் எவ்வளவு நல்ல பெட்ரோல் எஞ்சினாலும் முழுதாக ஒழிக்க முடியாது.

மின்மோட்டார் இந்த இரண்டு இடத்திலும் ஜெயிக்கிறது. வண்டி நின்றால் மோட்டாரும் நின்றுவிடும். வேகத்தைக் குறைக்கும்போது அதே மோட்டார் ஜெனரேட்டராக மாறி, வெப்பமாகப் போயிருக்க வேண்டிய ஆற்றலில் ஒரு பங்கை பேட்டரிக்கே திருப்பி அனுப்புகிறது. பிரேக் தேய்மானமும் குறைகிறது. நெடுஞ்சாலையில் மின்வண்டி பேட்டரியை வேகமாகக் காலிசெய்யும், தெருவுக்குள் சிக்கனமாக ஓடும். பெட்ரோல் வண்டிக்கு இது நேர்மாறு. தபால் வேலை முழுக்கத் தெருவுக்குள் நடப்பது என்பதை மறக்கக் கூடாது.

மாற்று எரிபொருள் கதை சற்று வேடிக்கையானது. அரசு நிறுவனங்கள் வாங்கும் இலகு வாகனங்களில் முக்கால் பங்கு மாற்று எரிபொருளில் ஓடக்கூடியதாக இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தில் விதித்தது. அஞ்சல் சேவை, 85 விழுக்காடு எத்தனால் கலந்த எரிபொருளை ஏற்கும் வண்டிகளைப் பல்லாயிரக்கணக்கில் வாங்கியது. ஆனால் அந்த எரிபொருள் விற்கும் பங்க்குகள் பெரும்பாலான ஊர்களில் இல்லை. இருந்த இடத்திலும், எத்தனாலில் ஆற்றல் குறைவு என்பதால் மைலேஜ் கால் பங்குவரை அடிபட்டது. கடைசியில் அந்த வண்டிகளிலும் பெரும்பாலும் பெட்ரோலையே ஊற்றி ஓட்டினார்கள். சட்டப்படி வண்டி மாறியது, புகை மாறவில்லை. வண்டியை மட்டும் பார்த்து, அதற்கு வேண்டிய தீனி எங்கே கிடைக்கும் என்று பார்க்காத திட்டங்களுக்கு இந்தக் கதிதான் நேரும்.

கேள்வி: இவ்வளவு பொருத்தம் இருந்தும், 2021-இல் புது வண்டிகளுக்கு ஒப்பந்தம் போட்டபோது 10 விழுக்காடு மட்டுமே மின்வண்டி என்று முடிவு செய்தார்களாமே? (மதுரை வாசகர்)

பதில்: உண்மைதான். 2021 பிப்ரவரியில் ராணுவ வாகனங்கள் செய்யும் ஆஷ்காஷ் நிறுவனத்துக்கு ஒப்பந்தம் கொடுக்கப்பட்டது: பத்தாண்டுகளில் 50,000 முதல் 1,65,000 வண்டிகள். தாழ்ந்த மூக்கும் உயர்ந்த கண்ணாடியுமாக வாத்தைப் போலிருக்கிறது என்று கேலி செய்யப்பட்டாலும், ஏர் கண்டிஷன், ஏர்பேக், சுற்றிலும் கேமரா என்று ஊழியர்கள் ஏங்கிக் கிடந்த எல்லாம் அதில் இருந்தன. சிக்கல் எஞ்சினில். பெட்ரோல் வகை, ஏர் கண்டிஷன் இல்லாமல் ஓடினால் காலனுக்கு 14.7 மைலும், அதைப் போட்டுவிட்டால் 8.6 மைலுமே கொடுக்கும் என்று அஞ்சல் சேவையின் ஆய்வறிக்கையே சொன்னது. முப்பதாண்டு கழித்து வரும் வண்டி, பழைய வண்டியின் மைலேஜிலேயே நிற்கிறது.

அதைவிடச் சுவையான ஒரு விவரம் உண்டு. சுமையோடு அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச எடை 8,500 பவுண்டு வரை உள்ள வண்டிகள் இலகுரக வகையில் சேர்ந்து, கடுமையான புகை விதிகளுக்கு உட்படும். இந்தப் பெட்ரோல் வண்டியின் எடை 8,501 பவுண்டு என்று குறிக்கப்பட்டது. ஒரு பவுண்டு என்பது உரித்த தேங்காய் ஒன்றின் எடை. அந்த ஒரு தேங்காய் எடையில் வண்டி கனரக வகைக்குப் போய்விட்டது. இதைச் சுட்டிக்காட்டியவர்கள் சும்மா விடவில்லை. 2022 பிப்ரவரியில் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஆய்வறிக்கையைக் கண்டித்துக் கடிதம் எழுதியது. ஏப்ரலில் பதினாறு மாநிலங்கள் வழக்குத் தொடுத்தன. அப்போது தலைமை அஞ்சல் அதிகாரியாக இருந்த லூயிஸ் டிஜாய், பணமில்லை என்பதையே காரணமாகச் சொல்லிவந்தார். அந்த வாதத்திலும் நியாயம் இருந்தது என்பதை, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் பணம் ஒதுக்கியதும் நடந்தது காட்டுகிறது: 300 கோடி டாலர் கிடைத்ததும், 2022 டிசம்பரில் 66,000 மின்வண்டிகள் என்று திட்டம் திருத்தப்பட்டது. அதில் 45,000 ஆஷ்காஷ் வண்டிகள். மீதி 21,000 சந்தையில் கிடைக்கும் ஃபோர்டு போன்ற ஆயத்த வேன்கள்.

அறிவித்த வேகத்தில் வண்டி வரவில்லை. 2024 நவம்பர்வரை ஆஷ்காஷிடமிருந்து வந்தவை நூற்றைக்கூட எட்டவில்லை என்று செய்தி வெளியானது. 2025-இல் அந்நாட்டு மேலவையான செனட்டில், வாங்கிய மின்வண்டிகளை விற்றுவிட வேண்டும் என்று ஒரு முன்மொழிவு வந்தபோது, அப்படிச் செய்தால் 150 கோடி டாலர் நட்டமாகும் என்றது அஞ்சல் சேவை. அதில் 50 கோடி, சார்ஜிங் ஏற்பாட்டுக்காகச் செலவழித்தது. வண்டியை விற்கலாம், மண்ணுக்கடியில் புதைத்த கேபிளைத் தோண்டி எடுத்து யாரிடம் விற்பது?

கேள்வி: மின்சாரமே நிலக்கரியிலிருந்து வருகிறது. புகை தெருவிலிருந்து அனல்மின் நிலையத்துக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதானே? (டொரண்டோ வாசகி)

பதில்: ஒரு பங்கு உண்மை. ஆனால் 2023-இல் அமெரிக்க மின்சாரத்தில் நிலக்கரியின் பங்கு சுமார் 16 விழுக்காடுதான். இயற்கை எரிவாயு 43, அணுமின்சாரமும் புதுப்பிக்கத்தக்க மின்சாரமும் சேர்ந்து ஏறக்குறைய 40. நின்று நின்று ஓடும் வேலையில் பெட்ரோல் எஞ்சின் வீணாக்கும் ஆற்றலோடு ஒப்பிட்டால் கணக்கு மின்வண்டிக்கே சாதகம். நிலக்கரியையே பெரிதும் நம்பிய நாடுகளில் இலாபம் சுருங்கும். ஆனாலும் குழந்தைகள் விளையாடும் வாசலில் புகை விடாதது தனி நன்மைதான்.

கேள்வி: மற்ற நாடுகள் என்ன செய்கின்றன? (பெங்களூரு வாசகர்)

பதில்: ஜெர்மனியின் டாய்ச்ச போஸ்ட், தனக்கேற்ற சிறு மின்வேனைச் செய்து தர வாகன நிறுவனங்கள் முன்வராததால், ஆஹன் நகரப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் தொடங்கிய ஸ்ட்ரீட்ஸ்கூட்டர் நிறுவனத்தை 2014-இல் விலைக்கே வாங்கிவிட்டது. வண்டிகள் ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்தன. ஆனால் வாகனத் தொழில் தபால்காரருக்குக் கட்டுப்படியாகவில்லை. 2020-இல் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்து, 2022-இல் நிறுவனத்தை விற்றது. மின்வண்டிகளை மட்டும் விடவில்லை. சுவிட்சர்லாந்துத் தபால்காரர்கள் பெட்ரோல் ஸ்கூட்டர்களைக் கைவிட்டு மூன்று சக்கர மின்வண்டிகளுக்கு மாறிவிட்டார்கள். கடிதம் கொடுக்க இரண்டு டன் வேன் எதற்கு என்ற கேள்வியை அவர்கள் கேட்டதுதான் எனக்குப் பிடித்தது.

கேள்வி: முப்பது வருடம் சைக்கிள் மிதித்து ஓய்வுபெற்றவன் நான். நம் அஞ்சல் துறைக்கு இதில் கற்க என்ன இருக்கிறது ஐயா? வண்டி மாற்றப் பணம் வரும்வரை சும்மா இருக்க வேண்டியதுதானா? (விருதுநகர் வாசகர்)

பதில்: தாங்கள் மிதித்த சைக்கிளைவிடச் சுத்தமான தபால் வாகனத்தை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை, ஐயா. நம் கவனம் போக வேண்டியது, ரயில் நிலையத்துக்கும் விமான நிலையத்துக்கும் பிரிப்பகங்களுக்கும் இடையே பை சுமக்கும் மெயில் மோட்டார் சர்வீஸ் வண்டிகள்மீதும், நாளுக்கு நாள் பெருகும் பார்சல் வேன்கள்மீதும்தான்.

பணம் வராவிட்டாலும் வழித்தடத்தைச் சீராக்கலாம். அமெரிக்கத் தனியார் பார்சல் நிறுவனமான யூ.பி.எஸ்., எதிர்வரும் போக்குவரத்தைக் குறுக்கே கடக்கும் இடப்பக்கத் திருப்பங்களைத் தவிர்த்து வழி வகுக்கிறது. கணினி வகுத்த வழிகளால் ஆண்டுக்கு ஒரு கோடி காலன் எரிபொருள் மிச்சமாவதாக அந்நிறுவனம் சொல்கிறது. இடப்பக்கம் ஓட்டும் நம் நாட்டில் தவிர்க்க வேண்டியது வலப்பக்கத் திருப்பம். டயரில் காற்றுச் சரிபார்ப்பதும், பை ஏற்றும்போது எஞ்சினை அணைப்பதும் செலவில்லாத வேலைகள்.

மின்வேன் வாங்கும் நாள் வரும்போது, வண்டியின் விலையை மட்டும் பார்க்காமல் டிப்போவின் மின் இணைப்பையும் பார்க்க வேண்டும். நாளுக்கு 40 கிலோமீட்டர் ஓடும் சிறு வேனுக்கு 12 முதல் 15 யூனிட் போதும். ஐம்பது வேன்களையும் இரவு பத்து மணி நேரத்தில் மெதுவாக ஏற்றினால் 75 கிலோவாட் இணைப்பில் முடிந்துவிடும். மாலை ஆறு மணிக்கு வந்த கையோடு எல்லா வண்டியையும் 7 கிலோவாட் சார்ஜரில் செருகினால் 350 கிலோவாட் தேவைப்படும். அதற்குப் புதிய டிரான்ஸ்பார்மர், புதிய கேபிள், மின்வாரியத்தில் நீண்ட காத்திருப்பு. டெண்டர் விடுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுவிடுவது நல்லது.