ரூட் அனுமதி இல்லாத கன்டெய்னரில் எக்ஸ் சர்வர் ஓடுமா?

ஓடும். கன்டெய்னருக்குள் (மற்றவற்றிலிருந்து பிரித்து வைத்த சூழல்) ரூட் (நிர்வாகி உரிமை) இல்லை, நிரல்களின் ஜன்னல்களைத் திரையில் வரையும் வழக்கமான எக்ஸ் சர்வரான எக்ஸார்க் (Xorg) கிளம்பவே மறுக்கிறது, ஆனால் ஒரு பிரவுசரை ஓட்டியாக வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

எக்ஸார்க் ரூட் கேட்பது கிராபிக்ஸ் கார்டையும் கீபோர்டையும் மவுஸையும் நேரடியாகப் பிடிப்பதற்காக. வெறுமனே படம் வரைய ரூட் தேவையே இல்லை. கன்டெய்னருக்குள் பொதுவாக அந்தக் கருவிகளே தெரியாது, அதனால் ரூட் கேட்டு அலைய வேண்டாம்.

எக்ஸ்விஎஃப்பி (Xvfb) போடுங்கள். திரை முழுவதையும் நினைவகத்திலேயே வைத்து வரையும் சர்வர் அது. சாதாரணப் பயனராகவே :99 என்ற டிஸ்ப்ளே எண்ணில் தொடங்கி, டிஸ்ப்ளே (DISPLAY) என்ற சூழல் மாறியிலும் அதே :99-ஐக் கொடுத்தால் நிரல் ஓடும். கண்ணால் பார்க்கவும் வேண்டுமா? அப்போது எக்ஸ்விஎன்சி (Xvnc), திரையை வலையமைப்பு வழியாக வேறு கணினியில் காட்டும் எக்ஸ் சர்வர். டிஸ்ப்ளே 1 என்றால் போர்ட் 5901. அதை வெளியே திறந்து வைக்காதீர்கள், எஸ்எஸ்எச் (SSH) சுரங்கம் என்ற மறையாக்கிய இணைப்பு வழியாகவே போங்கள்.

சிக்கல் பெரும்பாலும் டெம்ப் (/tmp) கோப்புறையில்தான் வரும். நிரல்கள் சர்வரோடு பேசும் சாக்கெட்டும், அந்த எண் பயன்பாட்டில் இருப்பதைக் குறிக்கும் பூட்டுக் கோப்பும் அங்கே உருவாகின்றன, ஆகவே எழுத அனுமதி வேண்டும். ஒரு முறை "இந்த எண்ணில் சர்வர் ஏற்கெனவே ஓடுகிறது" என்றே பிழை வந்து அரை நாள் போனது எனக்கு. பார்த்தால், பாதியில் செத்த சர்வர் விட்டுப்போன பூட்டுக் கோப்பு! அழித்ததும் சரியாகிவிட்டது.

அப்புறம், எக்ஸ்கேபிகாம்ப் (xkbcomp) நிறுவியிருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் கீபோர்டு வரைபடம் தயாராகாமல் சர்வர் உடனே நின்றுவிடும்.