மான்செஸ்டரிலிருந்து ஒரே நாளில் கடலும் கோட்டையும்: எங்கே போகலாம்?

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள், கார் கிடையாது, காலையில் கிளம்பி இரவுக்குள் மான்செஸ்டர் திரும்ப வேண்டும், கடலும் வேண்டும், பழைய கோட்டையும் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். யோசிக்கவே வேண்டாம், வடக்கு வேல்ஸுக்கு ரயில் ஏறுங்கள். கோட்டைக்குக் கான்வி. கடற்கரைக்கு அதன் பக்கத்திலேயே லான்டிட்னோ. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் நாங்கள் முதலில் கூட்டிப்போவது அங்கேதான்.

நேரடி ரயில் இருக்கிறது, இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். போகும்போது வலப்பக்க ஜன்னல் ஓரமாகப் பார்த்து உட்காருங்கள். செஸ்டர் தாண்டியதும் வெகு தூரத்துக்குக் கடல் கூடவே வரும். லான்டிட்னோ ஜங்ஷனில் இறங்கிப் பாலத்தின் மேல் நடந்தால் இருபது நிமிடத்தில் கான்வி. பெரியவர்களுக்கு முட்டிவலி இல்லையென்றால் நடப்பதே நல்லது, ஆற்றுக்கு அந்தப் பக்கம் எட்டு கோபுரங்களோடு கோட்டை முழுசாகத் தெரியும். பக்கத்திலேயே பொறியாளர் தாமஸ் டெல்ஃபோர்டு 1826இல் கட்டி முடித்த தொங்குபாலம். கோட்டைக்குப் பொருந்த வேண்டும் என்று அதன் தூண்களையும் கோபுரம் மாதிரியே கட்டியிருக்கிறார்.

வேல்ஸை அடக்கிய கையோடு இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டு 1283இல் தொடங்கிய கோட்டை இது. நான்கைந்து வருடத்தில் கோட்டையும் ஊர்மதிலும் எழுந்துவிட்டன, செலவு சுமார் 15,000 பவுண்டு. அங்கே இருந்த மடத்தைக் காலி பண்ணித் துறவிகளை வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டு, மதிலுக்குள் ஆங்கிலேயரைக் குடியேற்றினார். அழகான கோட்டைதான், ஆனால் உள்ளூர்க்காரர்களை மிரட்டக் கட்டியது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால் ஒவ்வொரு சுவருக்கும் காரணம் புரியும். உதாரணத்துக்கு ஒன்று. கோட்டையிலிருந்து நேரே தண்ணீருக்கு இறங்க ஒரு வாசல் வைத்திருந்தார்கள். நிலவழியை எதிரி அடைத்தாலும் கப்பலில் சோறு வர வேண்டுமே! 1294 கடைசியில் வேல்ஸ்காரர்கள் கிளர்ந்தெழுந்தபோது எட்வர்டே இந்தக் கோட்டைக்குள் மாட்டிக்கொண்டார். கடல்வழியை நம்பித்தான் அந்தக் குளிர்காலத்தை ஓட்டினார்.

இவ்வளவு பலமான கோட்டையை 1401இல் ஒரு பெரிய வெள்ளியன்று வேல்ஸ் கிளர்ச்சிக்காரர்கள் தச்சர் வேஷம் போட்டு ஏமாற்றி உள்ளே நுழைந்து பிடித்துவிட்டார்கள். காவலர்களில் முக்கால்வாசிப் பேர் சர்ச்சுக்குப் போயிருந்த நேரம் அது. உங்கள் அப்பாவுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள், நிச்சயம் ரசிப்பார்.

உள்ளே போனதும் அண்ணாந்து பாருங்கள். ஆள் உயரத்துக்கு மேலே, அந்தரத்தில், சுவரில் கணப்பு அடுப்பு இருக்கும். கீழே நிற்கத் தரையே இருக்காது. மாடியின் மரத்தளம் எல்லாம் போய்விட்டது, கூரையின் ஈயத்தையும் இரும்பையும் 1665இல் அப்போதைய சொந்தக்காரரே கழற்றி எடுத்துவிட்டார். மிச்சம் நிற்பது கல் மட்டும்தான். கோபுரத்துக்கு ஏறும் சுழல்படி குறுகல், நடுப்பக்கம் கால் வைக்க இடமே இருக்காது, மழை பெய்திருந்தால் வழுக்கும். அம்மா புடவையில் வந்தால் முற்றத்தில் உட்காரட்டும், நீங்கள் ஏறிவிட்டு வாருங்கள். மேலே காற்று ஆளைத் தள்ளும், ஆடி மாதத்தில் போனாலும் ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள்.

கோட்டைக்கு டிக்கெட் உண்டு, ஊர்மதிலுக்குக் கிடையாது. என்னைக் கேட்டால் மதில்தான் கோட்டையைவிட ஒரு படி மேல். ஊரைச் சுற்றி சுமார் 1.3 கிலோமீட்டர், 21 கோபுரங்கள், அதில் பெரும்பகுதியில் ஏறி நடக்கலாம். ஒரு பக்கம் வீட்டுக் கொல்லைகளில் துணி காயும், மறுபக்கம் மலையும் ஆறும். தெற்கு மதிலில் வெளிப்பக்கம் துருத்திக்கொண்டு வரிசையாகப் பன்னிரண்டு கல் பெட்டிகள் இருக்கும். என்னவென்று யோசிக்க வேண்டாம், எல்லாம் கழிப்பறைகள்!

படகுத்துறையில் சிவப்பு வண்ணம் பூசிய, பிரிட்டனிலேயே சின்ன வீடு என்று சொல்லப்படுவது இருக்கிறது. 1.8 மீட்டர் அகலம். கடைசியாகக் குடியிருந்த மீனவர் ஆறடிக்கு மேல் உயரமாம். ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். சாப்பாடு கையில் கட்டிக்கொண்டு போவது உத்தமம். எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல் போதும். துறையோரப் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடலாம், ஆனால் டப்பாவைத் திறந்ததும் கடற்காகம் வந்துவிடும், ஒரு கையால் மூடிக்கொண்டே சாப்பிடுங்கள்.

மதியத்துக்கு மேல் பஸ் பிடித்து லான்டிட்னோ. விக்டோரியா காலத்து ஹோட்டல்கள் வரிசையாக வளைந்து நிற்கும் கடற்கரை, 700 மீட்டர் நீளத்துக்குக் கடலுக்குள் போகும் மரப்பலகைப் பாலம், அதில் விளையாட்டு மெஷின்களும் ஐஸ்கிரீம் கடைகளும். மணல் எதிர்பார்த்துப் போகாதீர்கள், பெரும்பாலும் கூழாங்கல்தான். பெரியவர்களுக்கு நடப்பது போதும் என்றால் கிரேட் ஓர்ம் மலைக்கு டிராம் இருக்கிறது. 1902இல் தொடங்கியது, இன்னும் கம்பிவடத்தால்தான் இழுக்கிறார்கள், பாதி வழியில் இறங்கி வேறு டிராம் மாற வேண்டும். குளிர்காலத்தில் ஓடாது. மலையில் காஷ்மீர் ஆடுகள் காட்டில் திரிவதுபோல் திரியும். 2020 லாக்டவுனில் ஊருக்குள் இறங்கித் தோட்டங்களை மேய்ந்து உலகச் செய்தியானது அவைதான்.

திரும்பும்போது கான்விக்குப் போக வேண்டாம், லான்டிட்னோ நிலையத்திலேயே மான்செஸ்டர் ரயில் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை என்றால் ரயில் குறைவு, கிளம்பும் முன்பே நேரம் பார்த்துவிடுங்கள்.