கெயினும் ஃபேடரும் ஒன்றா?

கேள்வி: எங்கள் இசைக்குழுவுக்காக எட்டு சேனல் மிக்ஸர் ஒன்றை வாங்கி, அதை இயக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு சேனலிலும் உச்சியில் கெயின் குமிழும் அடியில் மேலும் கீழும் நகர்த்தும் ஃபேடரும் இருக்கின்றன. எதைக் கூட்டினாலும் சத்தம் கூடத்தான் செய்கிறது. நான் கெயினை நன்றாகத் திருகி வைத்துவிட்டு, ஃபேடரை இறக்கிச் சத்தத்தை மட்டுப்படுத்திக்கொள்கிறேன். ஆனாலும் பாடகர் உச்சஸ்தாயிக்குப் போகும்போது குரல் கரகரக்கிறது. ஸ்பீக்கரில் பழுதா?

பதில்: ஸ்பீக்கரைக் கழற்றிப் பார்க்கும் முன் கெயினைக் குறைத்துப் பாருங்கள். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், குரல் ஃபேடரை வந்தடைவதற்கு முன்பே சிதைந்துவிடுகிறது என்றுதான் தோன்றுகிறது.

மைக்கிலிருந்து வருவது பெரும்பாலும் சில மில்லிவோல்ட் அளவேயான மின் அலை. மிக்ஸரின் மற்றப் பகுதிகளோ ஏறக்குறைய ஒரு வோல்ட் அளவில் வேலை செய்பவை. இந்த இடைவெளியை நிரப்பும் முன்பெருக்கியைக் கட்டுப்படுத்துவதுதான் கெயின். முன்பெருக்கி தாங்கும் உச்சத்தை அலை தாண்டினால் அதன் முகடுகள் வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். அதுதான் உங்கள் காதில் விழும் கரகரப்பு. அதன்பின் ஃபேடரை எவ்வளவு இறக்கினாலும் கரகரப்பின் சத்தம் குறையுமே தவிர, கரகரப்பு போகாது. கெயினை மிகக் குறைத்துவிட்டு ஃபேடரையும், மொத்தச் சத்தத்தைக் கட்டுப்படுத்தும் மாஸ்டரையும் ஏற்றி ஈடுகட்டினால், குரலோடு சேர்ந்து மிக்ஸரின் உள்ளிரைச்சலும் மேலே வந்துவிடும்.

ஆகவே முதலில் ஃபேடரை இறக்கி, கெயினை முழுவதும் குறைத்து, அந்தச் சேனலின் பிஎஃப்எல் (PFL) பொத்தானை அழுத்துங்கள். ஃபேடருக்கு முந்தைய அளவை இப்போது மீட்டர் காட்டும். பாடகரை, பாட்டின் உரத்த பகுதியை, மேடையில் பாடும் அதே உரப்போடு பாடச் சொல்லுங்கள். "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்பதை நம்பிக் கெயின் வைப்பது வீண். அந்தக் குரலில் யாரும் பாடுவதில்லை. மீட்டர் 0 குறியை ஒட்டி ஆடும்வரை கெயினைக் கூட்டி, பீக் விளக்கு சிவப்பாக மினுக்கினால் சற்றே பின்வாங்குங்கள். கீபோர்டு போன்றவற்றை மைக் துளையில் செருகாமல் லைன் துளையில் செருகினால் பாதித் தொல்லை அப்போதே தீர்ந்துவிடும்.

கெயினைச் சரியாக வைத்தபின் ஃபேடர் 0 குறியின் அருகில் நிற்கும். அது நிற்க வேண்டிய இடமும் அதுதான். ஃபேடரின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் எண்களைக் கவனியுங்கள்: 0 குறியின் பக்கத்தில் ஒரு விரல் அகலம் நகர்த்தினால் சில டெசிபல்தான் மாறும், அடிப்பகுதியில் அதே விரல் அகலத்துக்குள் 20 டெசிபலே கூட அடங்கிவிடும். உங்களைப் போல அடியில் வைத்து ஓட்டினால், ஃபேடரை இம்மியளவு தொட்டாலும் ஒன்று குரல் காணாமல் போகும், இல்லையெனில் எகிறும்.

நிகழ்ச்சி நடக்கும்போது கெயினைத் தொடாதீர்கள். மேடை மானிட்டருக்கு, அதாவது பாடகர் தம் குரலைக் கேட்க எதிரே வைக்கும் ஸ்பீக்கருக்கு, ஒலியை அனுப்பும் ஆக்ஸ் என்ற தனி வழி பொதுவாக ஃபேடருக்கு முன்பாகவே பிரிவதால், ஃபேடரை ஏற்றும்போது அந்த ஸ்பீக்கரில் ஒன்றும் மாறாது. கெயினை ஏற்றினாலோ அங்கேயும் சத்தம் ஏறி, மைக் அதைத் திரும்பப் பிடித்து ஊளையிடத் தொடங்கிவிடும்.

கேள்வி: மிக்ஸரில் 48 வோல்ட் என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் சாதாரண மைக் கெட்டுவிடுமா?

பதில்: நீங்கள் சாதாரண மைக் என்பது, சுருள் வைத்த டைனமிக் மைக்காக இருந்தால், மூன்று முள் எக்ஸ்எல்ஆர் கேபிளில் இணைத்திருக்கும்போது கெடாது. ஒலியைக் கடத்தும் இரண்டு முள்களுக்கும் ஒரே மின்னழுத்தம் போவதால் மைக்கின் சுருளில் மின்னோட்டம் பாய்வதில்லை. பெரும்பாலான கண்டன்ஸர் மைக்குகளுக்கோ இந்த 48 வோல்ட் மின்சாரம் இல்லாமல் ஒலியே வராது. பழைய ரிப்பன் மைக் இருந்தால் மட்டும் விலகியிருங்கள். கேபிளில் கோளாறு இருந்தால் அந்த மைக்கின் உள்ளே இருக்கும் மெல்லிய தகடு சேதமாகலாம். சிறிய மிக்ஸர்களில் எல்லாச் சேனல்களுக்கும் ஒரே பொத்தான் இருப்பதும் உண்டு என்பதால், அழுத்துவதற்கு முன் மாஸ்டர் ஃபேடரை இறக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் ஸ்பீக்கரிலிருந்து வரும் "டொம்" அரங்கத்தையே திடுக்கிட வைக்கும்.